ஒளி சுமக்கும் சொல்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வெள்ளறடை. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு மண்ணில் விழுந்ததேயன்றி உறவில் விழவில்லை. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றபின், அதன் மத்திய அலையும் அக்கோட்டைப் பொருட்படுத்தவில்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் அனுப்பினர். ஓர் அலையின்மீது செய்தியை ஏற்றும் இக்கலையைப் பண்பேற்றம் என்கிறோம். அது ஒளியில் ஏறிய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1880இல் கிரகாம் பெல், வாஷிங்டன் நகரில், பேச்சினால் அதிரும் ஆடியில் சூரிய ஒளியைப் பட்டுத் தெறிக்கச் செய்து, சுமார் 213 மீட்டர் தொலைவுக்குக் குரலை அனுப்பினார். மேகம் மறைத்தால் பேச்சும் மறையும். ஒளி செல்லக் காப்பான பாதை வேண்டியிருந்தது.

அப்பாதை கண்ணாடி இழையில் கிடைத்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸுடன் ஆய்ந்து, இழைக் கற்றை வழியே உருவங்களைச் செலுத்தியதை 1954இல் வெளியிட்டார். கண்ணாடியின் மாசை நீக்கினால் நெடுந்தொலைவுச் செய்திக்கும் அது உதவும் என 1966இல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் காட்டினர். 1970இல் கார்னிங் நிறுவனத்தார் செய்த இழையில், ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி எஞ்சியது. இன்றைய இழையில் எஞ்சுவது சுமார் 95 பங்கு.

தொடக்கத்தில் கையாண்டது பழைய தந்தியின் உத்தியே: ஒளி உண்டெனில் ஒன்று, இல்லையெனில் சுழி. இத்தகைய குறி ஒவ்வொன்றும் ஒரு பிட். துடிப்புகளை மிக விரைவாக அனுப்பியபோது, அவை வழியில் பரந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஆகவே அறிஞர் ஒளியலையின் கட்டத்தை, அதாவது முகடு வரும் நேரத்தை, மாற்றத் தொடங்கினர். நான்கு கட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்தால் ஒரே துடிப்பு இரண்டு பிட்டுகளைச் சுமக்கும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரு ஒளிகளில் இதனைச் செய்தால் நான்கு. 2010ஐ ஒட்டி, ஒரே நிற ஒளியில் விநாடிக்கு 100 கிகாபிட் செல்ல இம்முறை வழிவகுத்தது. வீச்சையும் கட்டத்தையும் சேர்த்துப் பதினாறு நிலைகள் வகுத்தால் எட்டு பிட்டுகளாகும். ஆயினும் நிலைகள் நெருங்க நெருங்க இரைச்சல் அவற்றைக் குழப்பும். செல்லும் தொலைவு குறையும்.

இதனால் மக்களுக்கு யாது பயன்? மண்ணைத் தோண்டி இழை பதிப்பதே பெருஞ்செலவு. பதித்தபின் இருமுனைக் கருவிகளை மாற்றினாலே பழைய இழை பன்மடங்கு சுமக்கும். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகருக்கு, சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி இழை திறக்கப்பெற்றது. அதுவரை அந்தமான் வாழ் தமிழர் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தனர்.

கேரளத்தில் 2023 ஜூன் 5ஆம் நாள் கே-ஃபோன் இழை வலை தொடங்கப்பெற்றது. இருபது இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பது அதன் குறிக்கோள். முனைக் கருவி எத்துணை நுட்பமாயினும், இழை எட்டாத வீட்டுக்கு அதனால் பயனில்லை. எனவே வெள்ளறடை போன்ற எல்லை ஊர்களின் கடைசி வீடுவரை அது செல்லல் வேண்டும். எம்மொழியைச் சுமப்பது என்று இழை கேட்பதில்லை. அதில் தமிழை ஏற்றுவது நம் கடமை.