பிழையின் எல்லையைத் தேடிய கடிகாரங்கள்: என்டிபி முதல் ட்ரூடைம் வரை

இணையத்தில் இணைந்த சர்வர்களின் கடிகாரங்களை ஒத்திசைத்த வரலாறு பெரும்பாலும் துல்லியத்தின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி பத்தாகவும், பின்னர் ஒன்றுக்குக் கீழாகவும் குறைந்ததை அது விவரிக்கிறது. இப்பார்வையில் தவறில்லை, ஆனால் இது போதாது. 1981 முதல் 2012 வரையிலான ஆவணங்களை வரிசையாகப் படித்தால் இன்னோர் இழை புலப்படும். ‘மணி என்ன?’ என்று கேட்டுத் தொடங்கிய துறை, ‘இந்த மணி எவ்வளவு தவறாக இருக்கக்கூடும்?’ என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தது. அந்த இரண்டாம் கேள்விக்குக் கிடைத்த விடையே இத்துறையின் பெருஞ்சாதனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணினிக்குள் நேரம் காப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். வெப்பம் மாறினால் அதன் அதிர்வெண்ணும் மாறும். பத்து லட்சத்தில் 50 பங்கு பிறழ்ந்தாலே ஒரு நாளில் 4.3 விநாடி பிசகிவிடும். இரண்டு சர்வர்கள் எதிரெதிர்த் திசையில் பிசகினால், பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகப் பதிவேட்டில் ஏறும். நிகழ்வுகளின் வரிசை எவ்வளவு நுட்பமான சிக்கல் என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட கட்டுரை கோட்பாட்டு அளவில் காட்டியது. ஆனால் கோட்பாடு மட்டும் கடிகாரத்தைத் திருத்திவிடாது.

அந்த வேலையைக் கையில் எடுத்தவர் டேவிட் மில்ஸ். காம்சாட் நிறுவனத்தில் இருந்தபோது, பிடிபி-11 வகைச் சிறு கணினிகளில் ‘ஃபஸ்பால்’ என்ற மென்பொருளை இயக்கி, அவற்றின் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வந்தார். அட்லாண்டிக்கைக் கடந்த செயற்கைக்கோள் இணைப்பில் இந்த ஒத்திசைவு 1979இலேயே நியூயார்க் மாநாடு ஒன்றில் பயன்பட்டது. 1981இல், இணைய நெறிமுறைகளைப் பதிவுசெய்யும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், இந்த ஒத்திசைவை விவரிக்கும் ஆர்எஃப்சி 778 என்ற சிறு ஆவணம் வந்தது. அக்காலத்துக் கணினிகள் சில, மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் அலையை எண்ணியே நேரம் காத்தன. மின்சுமை ஏறினால் அதிர்வெண் இறங்கும், கடிகாரமும் பின்தங்கும். பிழைக்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தை அளக்க முடியும் என்ற எண்ணம் இத்தகைய அவதானிப்புகளில்தான் வேரூன்றியது என்று கருதுகிறேன்.

நெட்வொர்க் டைம் புரோட்டோகால் (என்டிபி) என்ற பெயர் 1985இல் ஆர்எஃப்சி 958 வழியாக வந்தது. அதன் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. கேட்கும் கணினி, தன் கடிகாரத்தில் 0 மில்லிவிநாடி இருக்கும்போது செய்தியை அனுப்புகிறது என்று கொள்வோம். சர்வர் தன் கடிகாரப்படி 60இல் பெற்று, 61இல் பதில் அனுப்புகிறது. பதில் வந்து சேரும்போது கேட்ட கணினியின் கடிகாரம் 41 காட்டுகிறது. மொத்தம் 41, சர்வரில் தங்கியது 1, ஆகப் பயணத்துக்குப் போனது 40. போகவும் வரவும் சம நேரம் ஆகியிருந்தால், கேட்ட கணினி சரியாக 40 மில்லிவிநாடி பின்தங்கியிருக்கிறது. சம நேரம் ஆகவில்லை என்றால்? 40 மில்லிவிநாடியும் போகும் வழியிலேயே கழிந்திருந்தால் பின்தங்கல் 20. திரும்பும் வழியில் கழிந்திருந்தால் 60. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சர்வரை நம்பலாம் என்று வைத்துக்கொண்டாலும், இந்த நான்கு எண்களால் அதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாது.

1985ஆம் ஆண்டுச் செய்தி வடிவத்திலேயே ‘மதிப்பிட்ட பிழை’க்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். விதை அங்கே இருந்தது. அதை நிறுவும் கணிதம்தான் இல்லை. 1988இல் முதல் பதிப்பும் 1989இல் இரண்டாம் பதிப்பும் வந்தபோது, எதிர்ப்பு டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் பக்கமிருந்து எழுந்தது. அவர்களுடைய டிஜிட்டல் டைம் சர்வீஸ் நேரத்தை ஒற்றை எண்ணாகத் தராது. உண்மை நேரம் கட்டாயம் அடங்கும் ஓர் இடைவெளியாகத் தரும். புள்ளியியலை நம்பிய என்டிபிக்கு அப்படிப்பட்ட நிரூபணம் இல்லை என்பது அத்தரப்பின் குறை.

இந்த இடைவெளிக் கருத்தின் ஊற்று, கீத் மார்சுல்லோ ஸ்டான்ஃபோர்டில் 1984இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு. மூன்று சர்வர்கள் 10–14, 12–16, 30–33 என்று இடைவெளிகள் தருகின்றன என்க. முதலிரண்டும் 12–14இல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மூன்றாவது எதனோடும் சேரவில்லை. அது பொய் சொல்லும் கடிகாரம், விலக்கிவிடலாம். எதிர்த்தரப்பிடம் நல்லது கண்ட மில்ஸ் தயங்கவில்லை. இந்த முறையைத் திருத்தி, 1992இல் வந்த மூன்றாம் பதிப்பான ஆர்எஃப்சி 1305இல் சேர்த்தார். மூல அணுக்கடிகாரம் வரையிலான மொத்தப் பிழைக்கு உச்சவரம்பு கணக்கிடும் முறைக்கும் அதே பதிப்பு முறையான அடித்தளம் தந்தது. இத்துறையின் திருப்புமுனை இந்த ஆண்டுதான் என்பது என் முடிவு. 2010இல் வந்த நான்காம் பதிப்பும், ஆலைகளுக்கும் அளவைக் கருவிகளுக்கும் என 2002இல் தோன்றிய ஐஇஇஇ 1588 தரமும் துல்லியத்தைக் கூட்டின. அடிப்படைக் கருத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் அவற்றில் இல்லை.

இருந்தும், பெரும்பாலான பயன்பாட்டு மென்பொருள்கள் அந்த உச்சவரம்பைக் கேட்கவில்லை. மணியை வாங்கிக்கொண்டு பிழையைப் புறக்கணித்தன. இந்த வழக்கத்தை உடைத்தது கூகுள் 2012இல் வெளியிட்ட ஸ்பேனர் தரவுத்தளக் கட்டுரை. அதன் ட்ரூடைம் சேவையிடம் நேரம் கேட்டால் முந்திய எல்லை, பிந்திய எல்லை என இரண்டு எண்கள் வரும். அக்கட்டுரை வந்த காலத்தில், ஜிபிஎஸ்ஸும் அணுக்கடிகாரமும் துணைநிற்க, 30 விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் சரிபார்க்கப்பட்டது. இடையில் விநாடிக்கு 200 மைக்ரோவிநாடி பிசகலாம் என்று வைத்துக்கொண்டதால், நிச்சயமின்மை 1 முதல் 7 மில்லிவிநாடிவரை ஏறி மீண்டும் இறங்கியது. ஒரு பரிவர்த்தனையை உறுதிசெய்யும் முன் அந்த நிச்சயமின்மை தீரும்வரை தரவுத்தளம் காத்திருக்கிறது. பொய்க் கடிகாரங்களைக் களைய அங்கும் பயன்படுவது மார்சுல்லோ முறையின் ஒரு வடிவமே.

பிறவியிலேயே குளுக்கோமாவால் பார்வை பாதிக்கப்பட்ட மில்ஸ், முதுமையில் பார்வையை முற்றிலும் இழந்தார். 2024 ஜனவரி 17 அன்று காலமானார். அவர் விட்டுச்சென்ற நெறிமுறையில் கவனிக்க வேண்டிய நாள் ஒன்று வரவிருக்கிறது. 1900 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிவரும் 32 பிட் எண்ணி 2036 பிப்ரவரி 7 அன்று நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அது எந்தச் சுற்று என்பதைப் பெறுகின்ற மென்பொருள்தான் தீர்மானிக்க வேண்டும். சர்வர்களையும், நேரம் கேட்கும் சிறு கருவிகளையும் பராமரிப்போர் அந்தத் தேதியைத் தங்கள் சோதனைப் பட்டியலில் இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.