வேலித் தச்சரின் மூச்சு: மரத்தூளும் டெக்சாஸில் நடப்பிலுள்ள வரம்பும்

டெக்சாஸின் சுகர் லேண்ட் நகரில் வீட்டுக்கு வீடு மரவேலி. அதற்குப் பலர் விரும்பி வாங்குவது மேற்கத்திய செஞ்சீடர் பலகை; எடை குறைவு, எளிதில் உளுக்காது. வேலி மாற்றுகிற நாளில் தெருவெங்கும் அதன் மணம்தான். வட்ட ரம்பம் பலகையில் இறங்கும்போது செம்பழுப்புத் தூள் அறுப்பவரின் புருவத்திலும் முன்கை மயிரிலும் அப்பிக்கொள்கிறது. அது தட்டினால் போய்விடும். கண்ணுக்குப் படாத மென்தூள்தான் மூச்சுக்குழாயின் கிளைகள்வரை இறங்குகிறது.

தொழிலிடப் பாதுகாப்பில் டெக்சாஸ், ஓஷா எனப்படும் கூட்டரசு அமைப்பின் நேரடி ஆளுகைக்கு உட்பட்டது. அதன் விதிகளில் மரத்தூளுக்கெனத் தனி வரம்பு கிடையாது. வேறெங்கும் வரையறுக்கப்படாத துகள்களோடு சேர்த்து, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மில்லிகிராம் வரை அனுமதி. கூட்டரசின் இன்னொரு கரமான நயோஷ் ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பதோ 1 மில்லிகிராம். 1989இல் தொழிற்கூடங்களுக்கு ஓஷா 5 மில்லிகிராமும், செஞ்சீடருக்கு 2.5 மில்லிகிராமும் விதித்தது. 1992இல் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 428 பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒவ்வொன்றின் ஆபத்தையும் தனித்தனியே நிறுவவில்லை என்பதே காரணம். மரத்தூள் தீங்கற்றது என்ற தீர்ப்பு அல்ல அது. ஆனால் நடைமுறையில் அப்படித்தான் ஆகிவிட்டது.

செஞ்சீடரை வெறும் தூசியாகக் கருதுவது அறிவியலுக்குப் பொருந்தாது. அதிலுள்ள பிளிக்காடிக் அமிலம் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதை வான்கூவரில் மொய்ரா சான்-யுங் குழுவினர் விரிவாக ஆராய்ந்து காட்டினர். தூளை மூச்சில் இழுத்துப் பல மணி நேரம் கழித்தே பலருக்கு நெஞ்சு இறுகுகிறது. இருமல் இரவில்தான் வருகிறது. பகலில் அறுத்த பலகையை யார் நினைப்பார்? மகரந்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுப்பார்கள். வேலையை விட்ட பின்னும் பலருக்கு இளைப்பு நீங்கவில்லை என்பது அக்குழுவினர் கண்ட வேதனையான உண்மை. ஆகவே காலம் தாழ்ந்து கண்டுபிடிப்பது பாதிக் கண்டுபிடிப்புதான்.

தச்சர்களுக்கு மூச்சளவுச் சோதனை செய்தால் பெரும்பாலும் இயல்பாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். மூச்சு முட்டியவர் தொழிலை விட்டுப் போயிருப்பார். குழாயில் ஊத எஞ்சியிருப்பவர் தாக்குப்பிடித்தவர். மேலும், எதிர்பார்க்கும் அளவில் 115 விழுக்காடு ஊதிய ஒருவர் 90க்கு இறங்கினாலும் தாளில் 'இயல்பு' என்றே வரும். முதல் நொடியில் வெளியேறும் காற்றை அவரவருடைய பழைய அளவோடு ஒப்பிட்டாலொழிய இழப்பு தெரியாது. அந்தப் பழைய அளவைத்தான் யாரும் எடுத்து வைப்பதில்லை.

தூசியின் கொடுமையை இந்த ஊர் அறியாததல்ல. சுகர் லேண்டைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இம்பீரியல் சுகர் நிறுவனத்தின் ஜார்ஜியா ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் மாண்டனர். அடுத்த மாதமே எரியக்கூடிய தூசிகள் மீதான சோதனையை ஓஷா முடுக்கியது; மரத்தூளும் அதில் அடக்கம். தீப்பிடிக்கும் பொருளாக அது கண்காணிக்கப்படுகிறது. மூச்சில் புகும் பொருளாக, பெயரற்ற துகளாகவே நிற்கிறது.

இதைச் சரிசெய்ய முன்மாதிரி இருக்கிறது. 2016இல் வந்த சிலிக்கா விதிப்படி, அந்தத் தூசிக்காக ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ மூச்சுக்கவசம் அணிய வேண்டிய கட்டுமானத் தொழிலாளிக்கு, மூன்றாண்டுக்கு ஒருமுறை நுரையீரல் சோதனை உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனையை முதலாளி தன் செலவில் அளிக்க வேண்டும். ஒரே தெருவில் கான்கிரீட் அறுப்பவருக்குச் சட்டம் தந்திருக்கும் அந்தக் குழாய், வேலிப்பலகை அறுப்பவர் கைக்கும் வர வேண்டும். முதல் ஊதல், அவர் வேலையில் சேரும் வாரத்திலேயே.