மிசூரிக் கரையின் சூரியகாந்திகள்



ஜேர்மானிய இளவரசர் ஒருவரின் பெயரைத் தாங்கிய காட்டுச் சூரியகாந்தி ஒன்று வட அமெரிக்கப் புல்வெளிகளில் உண்டு. வீட் குலத்து இளவரசர் மக்சிமிலியன், 1832 முதல் 1834 வரை அந்நாட்டிற் பயணஞ் செய்தார். கார்ல் பொட்மர் என்னும் சுவிஸ் ஓவியரும் உடன் சென்றார். 1833ஆம் ஆண்டிறுதியில் வந்த கடுங்குளிர்காலத்தை, மிசூரி ஆற்றங்கரையில் மாண்டான் மக்களின் ஊரை அடுத்த கிளார்க் கோட்டையில் இருவரும் கழித்தனர். தாவர நூலார் அவர் பெயரையே இச்செடிக்குச் சூட்டினர்.

இதனை இனங்காண்பது கடினமன்று. இலை ஒடுங்கி நீண்டு, நடுநரம்பின் வழியே மடிந்து, அரிவாள் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மஞ்சட் பூக்கள் உச்சியில் மாத்திரமன்றி, தண்டின் மேற்பகுதியில் இலைக் கக்கங்கள் தோறும் மலரும். பனிக்காலத்தில் மேற்செடி பட்டுப்போயினும், தடித்த வேர்த்தண்டு மண்ணுள் உயிரோடிருக்கும். பழங்குடியினர் அதனை உண்டனர்.

அம்மக்கள் வயலிற் பயிரிட்டுப் பேணிய சூரியகாந்தியோ வேறு. அது அகன்ற இதய வடிவ இலையுடையது, ஓராண்டில் மடிவது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.

அப்பயிரின் வரலாற்றை நமக்குச் சொன்னவர் மக்சிடிவியாக் என்னும் ஹிதாட்சா மூதாட்டி. கில்பேட் வில்சன் என்பார் அவர் கூற்றைக் கேட்டு எழுதி 1917இல் நூலாக்கினார். வசந்தத்தில் முதலில் விதைப்பதும் சூரியகாந்தி, இறுதியில் அறுப்பதும் அதுவே. வயலின் ஓரங்களில் அதனை ஊன்றுவர். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, வரி என விதையின் நிறங்களைப் பிரித்தறிவர். விதையை வறுத்து இடித்த மாவைச் சோளம், அவரை, பூசணி வற்றல் ஆகியவற்றோடு சேர்த்துச் சமைப்பர். அம்மாவை எள்ளுருண்டை போலப் பிடித்து, எருமை இதயத்தின் மெல்லிய தோலிற் சுற்றிப் போர்வீரர் எடுத்துச் செல்வர். களைத்தவிடத்து ஒரு கடி கடிப்பர்.

இளவரசரை நான் குறை கூறேன். பொட்மரின் ஓவியங்கள் அம்மக்களின் முகங்களை நமக்குக் காட்டுகின்றன. ஆயினும் வரலாறு கற்பிக்கும் எனக்கு, அம்மூதாட்டியின் சொல்லே பெரிதெனப் படுகிறது. இளவரசர் திரும்பிய மூன்றாம் ஆண்டில், 1837இல், பெரியம்மை மாண்டான் ஊர்களை அழித்தது. எஞ்சியோர் இருநூறு பேருக்கும் குறைவு. அவர்களும் ஹிதாட்சாக்களும் 1845 அளவில் ஆற்று வளைவொன்றிற் புதிய ஊர் அமைத்தனர். மக்சிடிவியாக் விதைத்து அறுத்த வயல்கள் அங்கேதான் இருந்தன. 1953இல் மிசூரிக்குக் குறுக்கே கார்ரிசன் அணை எழுந்தபோது, அந்நிலமும் ஆற்றோரத்து வளமான வயல்களும் நீருள் மூழ்கின.