வீட்டில் கட்டிய கணினிகளும் நினைவகச் சில்லுகளும்

1970களின் நடுவில் அமெரிக்க மின்னணு ஆர்வலர்கள் தாமே கணினி கட்டத் தொடங்கியபோது, அவர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது செயலி அல்ல, நினைவகமே. இன்டெல் 8080 நுண்செயலியைக் கொண்ட ஆல்டேர் 8800 என்ற கணினி, பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் 1975 ஜனவரி அட்டையில் அறிமுகமானது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரிலிருந்த எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் அதை உதிரிப் பாகங்களாக ஏறத்தாழ 400 டாலருக்கு விற்றது. அதனுடன் கிடைத்த நினைவகம் 256 பைட். இக்கட்டுரையின் ஒரு நீண்ட வாக்கியத்தை இன்றைய யூனிகோடு முறையில் சேமிக்கவே அது போதாது. பில் கேட்சும் பால் ஆலனும் உருவாக்கிய ஆல்டேர் பேசிக் மொழி இயங்கவோ 4,096 பைட் தேவைப்பட்டது.

அன்று கிடைத்த சில்லுகள் இரு வகை. ஸ்டாட்டிக் சில்லில் ஒவ்வொரு பிட்டையும் டிரான்சிஸ்டர்களாலான ஒரு சிறு சுற்று, மின்சாரம் உள்ளவரை பிடித்து வைத்திருக்கும். 2102 என்ற சில்லு இவ்வகை; 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் அது கொள்வது 1,024 பிட் என்பதால் 4,096 பைட்டுக்கு 32 சில்லுகள் வேண்டும். டைனமிக் சில்லில் பிட் என்பது நுண்ணிய மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம். அது கசிந்துவிடும் என்பதால் 2 மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 4,096 பிட் கொள்ளும் டைனமிக் சில்லுகள் 8 இருந்தாலே அதே வேலை முடிந்துவிடும். பதிலுக்குப் புதுப்பிக்கும் சுற்று, பல மின்னழுத்தங்கள், பிசகாத நேரக் கணக்கு எல்லாம் தேவை.

எம்.ஐ.டி.எஸ். தன் 4,096 பைட் பலகைக்கு டைனமிக் வகையைத் தேர்ந்தது. அப்பலகைகள் பல ஒழுங்காக இயங்கவில்லை. கலிபோர்னியாவின் ஹோம்புரூ கணினிக் கழகத்தைச் சேர்ந்த பாப் மார்ஷ், புராசசர் டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் வழியாக ஸ்டாட்டிக் சில்லுகளால் ஆன 4,096 பைட் பலகையை விற்றார். ஆர்வலர்கள் அதை நாடினர். எம்.ஐ.டி.எஸ். நிறுவனமோ தன் நினைவகப் பலகையை வாங்குவோருக்கு மட்டும் பேசிக்கைக் குறைந்த விலையில் தந்தது. தனியாக வாங்கினால் 500 டாலர். பலர் வேறு பலகையை வாங்கிக்கொண்டு, பேசிக் பதிந்த காகித நாடாவைப் படியெடுத்துக்கொண்டனர். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற திறந்த மடல் இதற்கான எதிர்வினையே. மென்பொருள் திருட்டு பற்றிய கதையாகவே அது எப்போதும் சொல்லப்படுகிறது. பின்னணியிலிருந்த பழுதான நினைவகப் பலகை பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

டைனமிக் சில்லின் சிக்கலைத் தீர்க்கும் வழி ஒன்று அதற்கு முன்பே, 1973இல், மோஸ்டெக் நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. 4,096 இடங்களைச் சுட்ட 12 பிட் முகவரி வேண்டும். அதனால் பிற நிறுவனங்களின் சில்லுகள் 22 கால்களுடன் பெரிதாக இருந்தன. மோஸ்டெக் முகவரியை இரண்டாகப் பிரித்து, ஆறு கால்களின் வழியே அடுத்தடுத்து அனுப்பச் செய்தது. சில்லு 16 கால்களுக்குள் அடங்கியது.

ஹோம்புரூ கழகத்துக்கு வந்துகொண்டிருந்த ஸ்டீவ் வோஸ்னியாக் தம் ஆப்பிள் 1 கணினியில் இந்த 16 கால் வகையையே பயன்படுத்தினார். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் அத்தேர்வின் பலன் தெரிந்தது. திரையில் காட்டுவதற்காக நினைவகத்தை வாசிக்கும் வேலையே அதைப் புதுப்பித்தும் விட்டது. தனிச் சுற்று தேவைப்படவில்லை. அடுத்து வந்த 16,384 பிட் சில்லுக்கு ஏழாவது முகவரிக் கால் ஒன்றே கூடுதலாக வேண்டியிருந்தது. சில்லைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட கால் அதற்கு மாற்றப்பட்டது. ஆகவே அதே பலகையில், அதே குழிகளில், நான்கு மடங்கு நினைவகத்தைப் பொருத்த முடிந்தது.

இன்று புதிதாக எட்டு பிட் கணினி கட்டுவோர் 62256 போன்ற ஒரே ஸ்டாட்டிக் சில்லில் 32,768 பைட் பெறுகின்றனர். பழைய கணினியைப் பழுதுபார்ப்போருக்கு மட்டும் 4116 வகைச் சில்லுகள் இன்னும் தேவை. அவற்றுக்கு +12, +5, -5 என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். -5 வோல்ட் இல்லாமல் மற்றவை வந்தால் சில்லு எரிந்துபோகக்கூடும். வேகத்தைக் குறிக்கும் பின்னொட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: மோஸ்டெக் சில்லில் -2 என்றிருந்தால் 150 நானோ நொடி, -3 என்றால் 200.