கையொப்பமிடாத தலைவர்



அமெரிக்க விடுதலை என்றதும் வாஷிங்டன், ஜெபர்சன் ஆகியோரின் பெயர்கள் நம் நினைவுக்கு வரும். விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிடாமலே அந்நாட்டுக்கு உழைத்த வழக்கறிஞர் ஒருவரும் உண்டு. அவர்தாம் ஜான் டிக்கின்சன்.

1732-ஆம் ஆண்டு மேரிலாந்தில் பிறந்த இவர், இலண்டனில் சட்டம் பயின்று, பிலடெல்பியாவில் வழக்கறிஞரானார். 1767-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கண்ணாடி, காகிதம், ஈயம், வண்ணச்சாயம், தேயிலை ஆகியவற்றின்மீது வரி விதித்தது. குடியேற்ற மக்களுக்கோ அம்மன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. டிக்கின்சன், ஒரு குடியானவர் எழுதுவதுபோல் 12 கடிதங்களை வெளியிட்டார். ‘வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு உரிமையுண்டு, வருவாய்க்காக எங்கள்மீது வரி சுமத்த உரிமையில்லை’ என்பது அவர் வாதத்தின் சாரம். செய்தித்தாள்கள் அக்கடிதங்களை ஊர்தோறும் பரப்பின. டிக்கின்சனின் புகழ் ஓங்கியது.

அத்தகையவர் 1776 ஜூலை 1-ஆம் நாள், உடனடியாக விடுதலை அறிவிப்பதை எதிர்த்துப் பேசினார். ஏன்? அந்நிய வல்லரசு எதுவும் துணைக்கு வர ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. 13 குடியேற்ற நாடுகளைப் பிணைக்கும் உடன்படிக்கையும் உருவாகவில்லை. இவ்விரண்டும் முதலில் வேண்டும் என்றார். மன்றத்தின் போக்கு வேறாயிருந்தது. மறுநாள் வாக்கெடுப்பின்போது டிக்கின்சனும் ராபர்ட் மோரிசும் விலகி நிற்கவே, பென்சில்வேனியா 3-க்கு 2 என்ற கணக்கில் விடுதலையை ஆதரித்தது. மனச்சான்றுக்கு மாறாக அவர் வாக்களிக்கவில்லை. ஒற்றுமைக்குத் தடையாகவும் நிற்கவில்லை.

அதற்கு விலையாக மன்றப் பதவியை இழந்தார். எனினும் வீட்டில் முடங்கிவிடவில்லை. தம் படைப்பிரிவை நடத்திக்கொண்டு நியூ ஜெர்சிக்குச் சென்றார். கூட்டமைப்பு உடன்படிக்கையின் முதல் வரைவை எழுதியவரும் அவரே.

காலம் செல்லச் செல்ல மக்கள் மீண்டும் அவரை நாடினர். டெலவேர், பென்சில்வேனியா ஆகிய இரு மாநிலங்களுக்கும் தலைவராக விளங்கினார். தம்மிடம் அடிமைகளாக இருந்தோரை 1777-இல் நிபந்தனையுடனும், 1786-இல் நிபந்தனையின்றியும் விடுவித்தார். 1787-இல் அரசமைப்பு மாநாட்டில் டெலவேரின் பிரதிநிதியாக அமர்ந்தார். உடல்நலம் குன்றியதால், நண்பர் ஜார்ஜ் ரீட் அவருக்காகக் கையொப்பமிட்டார். 1808-இல் டிக்கின்சன் மறைந்தார்.

மாணவர்களே, பலரும் ஒரு முடிவுக்கு வரும்போது நமக்கு வேறு கருத்து இருக்கலாம். அதைத் துணிந்து சொல்வது நம் கடமை. முடிவு எடுக்கப்பட்ட பின்னர், பொதுநலனுக்காகத் தோள் கொடுப்பதும் நம் கடமையே. இவ்விரு கடமைகளையும் டிக்கின்சனின் பொதுவாழ்வில் காண்கிறோம்.