பாட்டிக்கு ஒரு வகுப்புத் தோழி

இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களையும் வீரகேசரி, தினகரன் நாளிதழ்களின் நினைவஞ்சலிப் பக்கங்களையும் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு அவற்றின் ஒழுங்கு மனப்பாடமாகியிருக்கும். இறந்தவர் மூதாட்டி என்றால் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் பாட்டி என்று உறவு நீண்டுகொண்டே போகும். கூடப் படித்தவள் மட்டும் அந்த வரிசையில் வரமாட்டாள். கண்டியைச் சுற்றியுள்ள தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, கலஹா, புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இதை அறிவித்தல் எழுதும் வழக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ஒரு பெண்ணை அம்மாயி என்றோ அப்பாயி என்றோ நினைத்து அழப் பேரப்பிள்ளைகள் இருந்தால் போதும். பள்ளித் தோழியாக நினைத்து அழுவதற்கோ முதலில் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்க வேண்டும்; அவள் அதில் சில வருடங்களாவது தங்கியிருக்க வேண்டும்; கூடப் படித்தவர்களும் சேதி எட்டும் தூரத்தில் முதுமையடைந்திருக்க வேண்டும். மலையகப் பாட்டிமார் பலருக்கு இந்த மூன்றும் வாய்க்கவில்லை. அது விதியால் நேர்ந்ததன்று. சட்டங்களும் ஒப்பந்தமும் தோட்டக் கணக்கும் சேர்ந்து செய்த வேலை.

கண்டி நகரத்தில் பெண்கல்விக்கு அப்படியொன்றும் பஞ்சமில்லை. மெதடிஸ்த மிஷனரிமார் 1879இல் தொடங்கிய பெண்கள் உயர்தரப் பாடசாலையும், 1889இல் வந்த நல்லாயன் கன்னியர் மடமும், 1890இல் வந்த ஹில்வூட் கல்லூரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அங்கு வேரூன்றிவிட்டன. வசதியுள்ள வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பழைய மாணவியர் சங்கம், ஆண்டு மலர், வகுப்புப் படம் எல்லாம் கிடைத்தன. (அந்த மலர்களும் பரிசு வாங்கிய பிள்ளைகளையே அதிகம் நினைவில் வைத்திருக்கின்றன, பின் வரிசைக்காரிகளுக்கு அங்கும் இடம் குறைவுதான்.) நகரத்தை விட்டுச் சில மைல் மேலே ஏறினால் கதை வேறு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல்; கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடந்தான். கோப்பிக்குப் பருவ காலத்து ஆட்கள் போதும். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். அதனால் பெண்கள் குடும்பத்தோடு லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நிலைத்தார்கள். பெண்பிள்ளைகளும் நாளைய கொழுந்துக்காரிகளாகவே எண்ணப்பட்டார்கள். தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தின் மேல் வைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. சட்டம் எழுதிய பள்ளிக்கூடம் பல இடங்களில் ஒரே கூடமும் ஒரே வாத்தியாருமாக இருந்தது. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், முதலில் நின்றுபோனது அக்காவின் படிப்பு. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில், பேர் பதிந்ததோடு அவளுடைய பள்ளி வாழ்க்கையும் முடிந்தது.

நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே, நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பிறகுதான் அவை பெருமளவில் அரசின் கல்வி அமைப்புக்குள் வந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1940களில் பிறந்த ஒரு பெண் அதற்குள் பிள்ளை பெற்று, மலையில் பத்துப் பதினைந்து வருடம் கொழுந்தெடுத்திருப்பாள். எப்படியோ நாலாம் ஐந்தாம் வகுப்புவரை படித்துத் தோழிகளைத் தேடிக்கொண்டவளையும் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் விடவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றுப்போன 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக அது தீர்மானித்தது. ஒரே வாங்கில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரிகள் ஆனார்கள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அக்கரைக்குப் போனவர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள்.

கொழுந்து மலையில் ஒரே நிரையில் நின்றவர்கள் தோழிகள் இல்லையா, பள்ளிக்கு மட்டும் என்ன தனி மகிமை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்தத் தோழமை பள்ளித் தோழமையைவிட நீண்டது, ஒருவேளை ஆழமானதுங்கூட. ஆனால் மலைத் தோழி கண்டது பேர் பதிந்த பிறகு உள்ளவளை. அதற்கு முந்தியவளை, சிலேட்டைக் கீழே போட்டு உடைத்தவளை, வாய்ப்பாட்டுக்குப் பயந்தவளை, வேறொன்றாகவும் ஆகியிருக்கக்கூடியவளை அறிந்த வெளிச் சாட்சி வகுப்புத் தோழிதான். செக்ரோலில் அவள் எத்தனை நாள் வேலைக்கு வந்தாள் என்பது இருக்கும். இந்தச் சிறுமி இருக்கமாட்டாள்.

ஒப்பாரி இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களை அறிந்தவர்கள் அந்த வாய்மொழிச் செல்வத்தைக் குறைத்து மதிக்கமாட்டார்கள். என்றாலும் ஒப்பாரி உறவின் மொழி. மகளும் தங்கையும் மருமகளும் பாடும்போது இறந்தவள் தாயாக, தமக்கையாக, மாமியாக உயர்கிறாள். அவளுக்கே உரிய சில்லறைக் குணங்கள் மரபான உவமைகளுக்குள் கரைந்துவிடுகின்றன. அன்பு மிகுந்த இடத்தில் விவரம் குறைவது இயல்பு.

அந்தச் சிறுமியைத் தேட மிஞ்சும் எழுத்துச் சான்று பள்ளிச் சேர்விடாப்பு, அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேடு. அதை நம்பலாமா என்பது வரலாற்று மாணவர்களின் சந்தேகம். பெயரைப் பிழையாக எழுதியிருப்பார்கள், பிறந்த திகதியை ஊகித்துப் போட்டிருப்பார்கள். சரி, வயதை நம்ப வேண்டாம். பள்ளியை விட்டு விலகிய திகதியை ஊகிக்க வேண்டிய தேவை வாத்தியாருக்கு இருந்ததில்லை. அதையும் செக்ரோலில் பேர் விழுந்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு குழந்தைப் பருவம் எந்த மாதத்தில் முடிந்தது என்று சொல்லிவிடலாம். வேறெந்த ஆவணமும் இதைச் சொல்லாது.

அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் எண்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். அடுத்து ஒரு பாட்டிக்கு மரண அறிவித்தல் எழுத நேர்ந்தால், பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே அவர் எந்தத் தோட்டப் பள்ளியில், எந்த வகுப்புவரை, யாரோடு படித்தார் என்று ஒரு வரி சேருங்கள். கூடலூரில் அதைக் கேட்டு அழ ஒருத்தி இன்னும் இருக்கக்கூடும்.