எங்கள் வீட்டுக்கு இரண்டு பாபநாசம் சிவன்

எங்கள் வீட்டில் பாபநாசம் சிவன் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெரியப்பாவின் சிவன். மார்கழிக் குளிரில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு வருவார். இன்னொருவர் அப்பாவின் சிவன். தியாகராஜ பாகவதரின் குரலுக்குள் ஒளிந்துகொண்டு சினிமாக் கொட்டகையில் பாடுவார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பது எனக்குப் புரியவே பத்து வயது ஆகிவிட்டது.

பெரியப்பா மெட்ராஸில் சர்க்கார் உத்தியோகம். சபா மெம்பர். ஒவ்வொரு மே மாதமும் கும்பகோணம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வருவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் பாயைப் போட்டு அண்ணன் தம்பி இருவரும் உட்கார்ந்தால், நிலம், வாய்க்கால், உறவுக்காரர் விஷயம் எல்லாம் தாண்டி எப்படியும் சிவனில் வந்து நிற்கும்.

"சிவன் சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி பாடினதுதான் தம்பி பாட்டு. அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் வயித்துப்பாட்டுக்கு" என்பார் பெரியப்பா.

"அண்ணே, நீங்க சொல்ற பாட்டை சபாவுல முந்நூறு பேர் கேட்டிருப்பான். ஹரிதாஸ் பாட்டை மாடு மேய்க்கிறவன்கூடப் பாடினான்" என்பார் அப்பா.

எதை வைத்து இப்படிச் சண்டை போட்டார்கள் என்பதைச் சொல்ல, சிவனின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகம் கிராமத்தில் பிறந்தவர். இயற்பெயர் ராமய்யா. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாயாரோடு திருவனந்தபுரம் போனார். அங்கே சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்தார். நீலகண்ட சிவனின் பஜனைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1910இல் தாயாரும் காலமான பிறகு, பந்தம் இல்லாத மனிதராகக் கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டு திரிந்தார். அந்தக் காலத்தில்தான் பாபநாசத்தில் (திருநெல்வேலிப் பாபநாசம் அல்ல, எங்கள் தஞ்சாவூர்ப் பாபநாசம்) நெற்றி நிறைய விபூதியோடு பாடிய அவரை ஜனங்கள் "சிவன்" என்று கூப்பிட, அதுவே பெயராக நின்றுவிட்டது. பாட்டில் அவர் வைத்த முத்திரை மட்டும் "ராமதாசன்".

1930இல் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் குடியிருந்து, கபாலியையும் கற்பகாம்பாளையும் பாடினார். அறுபத்துமூவர் உற்சவத்தில் கபாலி வரும் அழகைக் கண்டு அவர் பாடியதுதான் காம்போதியில் உள்ள "காணக் கண் கோடி வேண்டும்". மதுரை மணி அய்யர் பாடிப் பாடியே வராளியில் "கா வா வா"வும் மோகனத்தில் "கபாலி"யும் ஊரெல்லாம் பரவின. இதுதான் பெரியப்பாவின் சிவன்.

1934இல் வந்த "சீதா கல்யாணம்" படத்தோடு சினிமாவுக்குள் நுழைந்தார். 1939இல் கல்கியின் "தியாகபூமி"யில் சம்பு சாஸ்திரியாக நடிக்கவே செய்தார். பாகவதருக்கு அவர் எழுதிய பாட்டுகள்தான் அப்பாவுக்கு வேதம். 1943இல் "சிவகவி", 1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்". சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டது. படம் வெளியான கொஞ்ச நாளில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகிவிட்டார். அவர் உள்ளே இருந்தார், பாட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஐந்து மைல் நடந்து கும்பகோணம் போய், தரை டிக்கெட்டில் பன்னிரண்டு தடவை பார்த்தாராம்.

பெரியப்பா அசைய மாட்டார். "மன்மத லீலை பாட்டை நீ பாடு. ஆனா கீர்த்தனைனு சொல்லாதே" என்பார். அப்பாவுக்கு ராக லட்சணம் தெரியாது. பதில் வராது. அது சாருகேசி ராகம், கச்சேரிகளில் அதிகம் புழங்காமல் இருந்த ராகம் அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் ஜனங்கள் காதுக்குப் பழகியது என்று இசை தெரிந்தவர்களே சொல்வதை நான் பின்னாளில்தான் கேட்டேன். சிவகவியின் "சொப்பன வாழ்வில்" விஜயநாகரி என்பதும் அப்படித்தான். அரிய ராகத்தைத் தரை டிக்கெட்காரன் காதில் போட்டவர் சிவன். அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அப்பா பக்கம் நின்று பேசியிருப்பேன்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒரு மே மாதம். பெரியப்பா "மா ரமணன்" பாட்டை எடுத்தார். ஹிந்தோளம். "இதைப் பாருடா தம்பி. இந்த மாதிரி ஒண்ணு உன் பாகவதர் படத்துல இருக்கா? இதுதான் சிவன்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே எழுந்து போனார். தகரப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கையில் பழுப்பேறிய பாட்டுப் புத்தகத்தோடு வந்தார். அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் விற்பார்களே, அது. 1938இல் வந்த "சேவாசதனம்". எம்.எஸ். சுப்புலட்சுமி முதலில் நடித்த படம். அதற்குள் "மா ரமணன்" இருந்தது.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "முன்னாடியே எழுதி வச்சிருந்திருப்பார். சினிமாக்காரன் வாங்கிப் போட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அப்பா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெயித்த மாதிரித் தெரியவில்லை.

அம்மாதான் பிறகு எனக்குச் சொன்னாள். வீட்டில் ஒருவரைத்தான் மெட்ராஸுக்குப் படிக்க அனுப்ப முடிந்தது. பெரியப்பா போனார். அப்பா எட்டாம் வகுப்போடு நின்று வயலைப் பார்த்துக்கொண்டார். அண்ணனுக்கு சபா வாசல் திறந்திருந்தது. தம்பிக்குக் கொட்டகை வாசல்தான். "உங்க அப்பாவோட பாட்டை மட்டம்னு சொன்னா, அவருக்கு அது பாட்டைச் சொன்ன மாதிரியா இருக்கும்?" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு சிவனைப் பற்றிப் படிக்க நேரம் கிடைத்தது. அவருடைய "கீர்த்தன மாலை" முதல் தொகுதி வந்த வருஷமும் 1934, சீதா கல்யாணம் வந்த அதே வருஷம். சினிமாவுக்கு எழுதிய காலத்திலேயே கலாக்ஷேத்திரத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். மார்கழி பஜனையையும் விடவில்லை. பெரியப்பா கோடு போட்ட இடத்தில் அப்படி ஒரு கோடே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பெரியப்பா பெருமையாகச் சொன்ன அதே சபாக்களில், தமிழ்ப் பாட்டு என்றால் கச்சேரிக் கடைசியில் பாடும் துக்கடா என்று ஒதுக்கிவைத்த காலம் அது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்குத் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்தது. சிவனின் பாட்டுகளைப் பாடிப் புகழ்பெற்ற மதுரை மணி அய்யருக்கு 1959இலும், எம்.எஸ்.ஸுக்கு 1968இலும், டி.கே. பட்டம்மாளுக்கு 1970இலும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைத்தது. எழுதிய சிவனுக்குக் கிடைத்தது 1971இல், எண்பத்தோரு வயதில். தம்பி கொட்டகை வாசலில் நின்ற மாதிரி, பெரியப்பாவின் சிவனும் ஒரு வாசலில் ரொம்ப நாள் காத்துத்தான் நின்றிருக்கிறார்.

1973 அக்டோபர் முதல் தேதி சிவன் காலமானார். பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா பெரியப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. பெரியப்பாவிடமிருந்து பதில் வந்தது. "மயிலாப்பூரில் இந்த வருஷம் மார்கழிக்கு நீ வா. வீதியில் நின்று கேட்கலாம். டிக்கெட் கிடையாது."

அப்பா போனார். திரும்பி வந்து, குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னார். ஆனால் அடுத்த மே மாதம் திண்ணையில் சண்டை வழக்கம்போல நடந்தது.